கார்த்திகைக் கூட்டம் எவ்வளவு தூரம்? தொலைநோக்கித் தரவை வைத்து நீங்களே அளக்கலாம்

விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவை நாமே ஆராய முடியுமா என்று என்னிடம் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். தாராளமாக முடியும். ஹப்பிள், ஜேம்ஸ் வெப், கையா, டெஸ் என எல்லாவற்றின் தரவும் பொதுக் காப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. சில பதிவுகள் மட்டும் அவற்றைக் கேட்டு வாங்கிய ஆய்வாளர்களுக்காகக் கொஞ்ச காலம் பூட்டியிருக்கும். அப்புறம் அவையும் திறந்துவிடும். ஒரு சாதாரண மடிக்கணினி, இணைய இணைப்பு, பள்ளியில் படித்த மடக்கைக் கணக்கு, இவ்வளவுதான் தேவை.

பலர் அழகான படத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் ஒரு எண்ணிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு விண்மீன் கூட்டத்தின் தூரத்தைத் தன் கையால் கணக்கிட்டுப் பார்த்தவர் அதற்குப் பிறகு பார்க்கும் எந்த விண்வெளிப் படத்திலும் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்.

அதற்கு ஏற்றது கையா. ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பரில் ஏவிய இந்தத் தொலைநோக்கி, 2025 ஜனவரி வரை வானத்தை அளந்துகொண்டே இருந்தது. 2022 ஜூனில் வந்த அதன் மூன்றாம் தரவு வெளியீட்டில் ஏறத்தாழ 180 கோடி ஒளிப்புள்ளிகளின் விவரம் இருக்கிறது. நமக்கு அதில் ஒரு துளி போதும்: கார்த்திகைக் கூட்டம்.

டாப்கேட் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். அதற்குள்ளிருந்தே கையா காப்பகத்தில் தேடலாம். மையம்: வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் 24.12 பாகை (பூமியில் தீர்க்கரேகை, அட்சரேகை போல வானத்தில் இடம் சொல்லும் எண்கள்). ஆரம் 2 பாகை. எல்லாவற்றையும் இறக்கினால் பின்னணியில் இருக்கும் தொலைதூர விண்மீன்களே அட்டவணையை நிரப்பிவிடும். அதனால் இரண்டு நிபந்தனைகளைச் சேருங்கள்: இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணம்; அருகில் இருந்தால் பெரிது) 5 மில்லி ஆர்க்செகண்டுக்கு (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு ஆர்க்செகண்ட், அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு இது) மேல் இருக்க வேண்டும், அந்த அளவு அதன் பிழையைப் போலக் குறைந்தது 10 மடங்காவது இருக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். பிழை பெரிதாக உள்ள விண்மீனுக்குத் தூரம் கணக்கிட்டால் வருவது வெறும் இரைச்சல்.

இப்போது கிடைத்த விண்மீன்களில் எவை கூட்டத்தைச் சேர்ந்தவை, எவை வழியில் தற்செயலாக நிற்பவை? ஒன்றாகப் பிறந்த விண்மீன்கள் ஒன்றாகவே நகரும். வல ஏற்றத் திசை நகர்வைக் கிடை அச்சிலும், விலக்கத் திசை நகர்வைச் செங்குத்து அச்சிலும் வரைந்து பாருங்கள். பெரும்பாலான புள்ளிகள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். ஆனால் ஆண்டுக்கு +20, −45 மில்லி ஆர்க்செகண்ட் என்ற இடத்தில் மட்டும் ஒரு அடர்ந்த திட்டு தனியாகத் தெரியும். அதுதான் கார்த்திகை. திட்டைச் சுற்றி மவுஸால் ஒரு வளையம் போட்டுத் தனித் துணைக்குழுவாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பல நூறு உறுப்பினர்கள் சிக்குவார்கள். வெறும் கண்ணுக்கு ஆறேழு மட்டுமே தெரியும் கூட்டம் இது.

அந்தத் துணைக்குழுவின் இடமாறு தோற்றத்தை மட்டும் எடுத்து ஒரு நிகழ்வெண் படம் (எந்த அளவில் எத்தனை விண்மீன்கள் என்று காட்டும் பட்டைப் படம்) வரையுங்கள். உச்சி எங்கே விழுகிறது என்று கவனமாகப் பாருங்கள், ஏனென்றால் இது ஒரு காலத்தில் பெரிய சர்ச்சை. கையாவுக்கு முன்னோடியான ஹிப்பார்கோஸின் அளவீடுகள் 1997இல் வெளியானபோது, கார்த்திகை ஏறத்தாழ 120 பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) தூரத்தில் இருப்பதாகச் சொன்னன. மற்ற முறைகள் 133 பார்செக்கை ஒட்டி நின்றன. வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கூட்டம் அவ்வளவு அருகில் இருந்தால் அந்த விண்மீன்கள் இருக்கவேண்டியதைவிட மங்கலானவை என்று ஆகிவிடும்; விண்மீன் எப்படி எரிகிறது என்று நாம் புரிந்துவைத்திருப்பதையே சந்தேகிக்க வேண்டிவரும். 2014இல் ரேடியோ தொலைநோக்கிகள் 136 பார்செக் என்று அளந்தன. ஹிப்பார்கோஸ் சரி என்றால் உங்கள் உச்சி 8.3 அருகே இருக்க வேண்டும். இருப்பதோ 7.4 அருகே. 1000ஐ மில்லி ஆர்க்செகண்டால் வகுத்தால் தூரம் பார்செக்கில் வரும். 1000ஐ 7.4ஆல் வகுத்தால் 135 பார்செக், அதாவது ஏறத்தாழ 440 ஒளியாண்டு. நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிய ஒரு கேள்விக்கு உங்கள் திரையிலேயே விடை வந்துவிட்டது.

தூரம் தெரிந்ததும் உண்மையான பிரகாசமும் கைக்கு வந்துவிடும். 135இன் மடக்கையை 5ஆல் பெருக்கி 5ஐக் கழித்தால் 5.65 வரும். ஒவ்வொரு விண்மீனின் ஜி ஒளி அளவிலிருந்தும் (கையா பதிவு செய்யும் பிரகாச எண்; எண் சிறிதானால் பிரகாசம் அதிகம்) அதைக் கழியுங்கள். கிடைப்பது தனி ஒளி அளவு, அதாவது 10 பார்செக் தூரத்தில் இருந்தால் தெரியும் பிரகாசம். நம் சூரியனின் தனி ஒளி அளவு 4.67. அது கார்த்திகையில் இருந்திருந்தால் நமக்கு 10.3 அளவில், தொலைநோக்கி இல்லாமல் தெரியாத ஒரு சாதாரணப் புள்ளியாக இருந்திருக்கும்.

இனி கிடை அச்சில் நிறம் (கையாவின் நீல அளவிலிருந்து சிவப்பு அளவைக் கழித்தது), செங்குத்து அச்சில் தனி ஒளி அளவு, அச்சு தலைகீழாக. நீலத்திலிருந்து சிவப்புக்கு இறங்கும் ஒரு மெல்லிய கோடு வரும். இதுதான் முதன்மை வரிசை, மையத்தில் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கும் விண்மீன்களின் வரிசை. ஒரு மாணவி இந்தப் படத்தை வரைந்துவிட்டு, “சார், இதுக்கு மேல இன்னொரு மங்கலான கோடு இருக்கே?” என்றாள். ஒரே மாதிரியான இரண்டு விண்மீன்கள் ஒட்டி நின்று ஒன்றாகத் தெரிந்தால் ஒளி எவ்வளவு கூடும், கணக்குப் போட்டுப் பார் என்றேன். 2.5ஐ 2இன் மடக்கையால் பெருக்கினால் 0.75. அந்த இரண்டாம் கோடு சரியாக 0.75 உயரத்தில்தான் ஓடியது. ஜோடி விண்மீன்கள்! அவள் அன்று முழுக்க அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

இதையே எம்67 என்ற இன்னொரு விண்மீன் கூட்டத்துக்கும் செய்யுங்கள் (132.85, +11.81, இடமாறு தோற்றம் 1.15 அருகே, நகர்வு −11, −2.9). முன்பு வைத்த 5 என்ற எல்லையை 0.8க்கு இறக்க மறக்காதீர்கள். அங்கே வரிசையின் நீல முனை காணாமல் போய், கோடு வலப்பக்கம் வளைந்து செம்பெருமீன்களை நோக்கி ஏறும். நீல விண்மீன்கள் எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிடும் என்பதால், எந்த இடத்தில் கோடு வளைகிறதோ அதுவே கூட்டத்தின் வயதைச் சொல்லும். கார்த்திகைக்குப் பத்துப் பன்னிரண்டு கோடி ஆண்டுகள். எம்67க்கு ஏறத்தாழ 400 கோடி. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது படங்களுக்கு வரலாம். ஹப்பிள், வெப் தரவுக்கு மாஸ்ட் என்ற இணையக் காப்பகம். எம்51 சுருள் கேலக்ஸியைத் தேடி, 2005இல் ஹப்பிள் எடுத்த தொகுப்பை எடுங்கள். தனித்தனிப் பதிவுகளில் அண்டக்கதிர் கீறல்கள் நிறைய இருக்கும். பல பதிவுகளைச் சேர்த்து அவற்றை நீக்கிய கோப்புகளையே முதலில் எடுப்பது நல்லது. வானியல் தரவுக்கான ஃபிட்ஸ் கோப்பு வடிவத்தில் இருக்கும். டிஎஸ்9 மென்பொருளில் திறந்ததும் திரை கறுப்பாகத்தான் தெரியும். அளவுகோலை மடக்கைக்கு மாற்றினால் சுருள் கைகள் எழுந்து வரும்.

ஃபில்டர் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எஃப்814டபிள்யூ என்றால் 814 நானோமீட்டரை ஒட்டிய அகலமான பட்டை. எஃப்658என் குறுகலானது, ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்கானது. ஆனால் அகச்சிவப்பில் எண்கள் மாறும்: ஹப்பிளின் எஃப்160டபிள்யூ 1600 நானோமீட்டர், வெப்பின் எஃப்200டபிள்யூ 2 மைக்ரான். எம்51இன் 814, 658 ஃபில்டர் படங்கள் இரண்டையும் வானத்தின் ஒரே இடம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பொருத்திவைத்து மாறி மாறி மினுக்க விடுங்கள். 658இல் மட்டும் பளிச்சிடும் முடிச்சுகள் புதிதாக விண்மீன்கள் பிறக்கும் இடங்கள். அவை கரிய தூசிக் கோடுகளை ஒட்டியே வரிசையாக நிற்பதைக் கவனியுங்கள். வாயு எங்கே நெருக்கப்படுகிறதோ அங்கேதான் பிறப்பு. சட்டத்தில் கூரிய கதிர்க்கோடுகளோடு தெரிபவை பெரும்பாலும் நம் பால்வீதியின் விண்மீன்கள். ஹப்பிளில் நான்கு கோடுகள், வெப்பில் ஆறு பெரியவை, இரண்டு சிறியவை.

தொலைதூரக் கேலக்ஸிகளுக்குப் படம் போதாது, நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு) வேண்டும். வெப் எடுத்த நிறமாலைகளைச் சீர்செய்து தரும் டான் காப்பகத்திலிருந்து நடுத்தரப் பிரிதிறன் உள்ள ஒன்றை எடுங்கள். ஹைட்ரஜன் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டர், அது 3.28 மைக்ரானில் தெரிந்தால் அலைநீளம் 5 மடங்காகியிருக்கிறது, அதிலிருந்து 1ஐக் கழித்தால் செம்பெயர்ச்சி (விரியும் அண்டத்தில் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு) 4. அந்த ஒளி ஏறத்தாழ 1200 கோடி ஆண்டுகள் பயணித்து வந்தது. ஆனால் ஒரே ஒரு கோட்டை நம்பி எதையும் எழுதிவைக்காதீர்கள். ஆக்சிஜனின் 495.9, 500.7 ஜோடியைத் தேடுங்கள்: செம்பெயர்ச்சி 4 என்றால் அவை 2.48, 2.50 மைக்ரானில், ஒன்றுக்கு மூன்று என்ற வலிமையில் நிற்க வேண்டும். ஜோடி கிடைத்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கேலக்ஸிக்குப் போங்கள்.