கோமாரி நோய்: ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கும் முறை

வாயில் நூல்நூலாக எச்சில், நொண்டல், தீவனம் எடுக்காமல் நிற்பது. கோமாரி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாதது, வந்திருப்பது எந்த வகை வைரஸ் என்பது. மொத்தம் ஏழு வகை. இந்தியாவில் நோய் உண்டாக்குபவை ஓ, ஏ, ஆசியா-1. நம் தடுப்பூசியில் உள்ளவையும் இவையே. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு இன்னொரு வகையைத் தடுக்காது. ஒரே வகைக்குள்ளும் வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். ஊசி போட்ட மாடுகளுக்கே நோய் கண்டால், ஊசிமருந்தும் வந்த வைரஸும் பொருந்துகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு வைரஸ் உயிரோடு ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். இந்த வேலை கால்நடை மருத்துவருடையது; மாட்டுக்காரர் தானே கொப்புளத்தை வெட்டக் கூடாது.

முதலில் மாட்டைத் தேர்ந்தெடுங்கள். அதிகம் அவதிப்படும் மாட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். அதில் நோய் பழசாகியிருக்கும். நேற்றோ இன்றோ காய்ச்சல் கண்ட மாட்டைக் கேட்டு வாங்குங்கள். புண்ணே தன் வயதைச் சொல்லும். முதல் நாள் உடையாத கொப்புளம். இரண்டாம் நாள் புதிதாக உடைந்து, விளிம்பு கூர்மையாக, அடிச்சதை பச்சையாகத் தெரியும். மூன்றாம் நாள் விளிம்பு மங்கி, மேலே மெல்லிய படலம் படியத் தொடங்கும். நான்காம் நாளுக்குள் படலம் தடித்து, ஓரத்திலிருந்து புதுத்தோல் வளரும். முதல் இரண்டு நாள் புண்தான் நமக்கு வேண்டியது.

எடுக்கும் முன் வாயை வெறும் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட், படிகாரம் எல்லாம் மாதிரி எடுத்த பிறகுதான். உடையாத கொப்புளத்தில் நீர் இருந்தால் ஊசிக்குழலில் உறிஞ்சி, எதுவும் கலக்காமல் தனிக் குப்பியில் வையுங்கள். பிறகு தளர்ந்த தோலை இடுக்கியால் பிடித்துக் கத்தரியுங்கள். குறைந்தது 1 கிராம் வேண்டும். ஒரே கொப்புளத்தில் அவ்வளவு கிடைக்காவிட்டால் அதே மாட்டின் நாக்கு, ஈறு, குளம்பு இடுக்கிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு மாட்டின் தோலை ஒரே குப்பியில் போடவே கூடாது.

தோலைப் போடும் திரவத்தில்தான் பல மாதிரிகள் வீணாகின்றன. கிளிசரினும் பாஸ்பேட் பஃபரும் (அமில-கார அளவு மாறாமல் காக்கும் கரைசல்) சம அளவு, கூடவே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. அமில-கார அளவான பி.எச். 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டும். 6-க்குக் கீழே இறங்கினால் வைரஸின் மேலுறை சிதறிவிடும். 9-க்கு மேலும் தாங்காது. மருந்தகத்தில் பல மாதமாகக் கிடக்கும் புட்டியை நம்பாதீர்கள், கிளம்பும் முன் பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள். ஃபார்மலின் வைரஸைக் கொன்றுவிடும். அதில் போட்ட தோலை நுண்ணோக்கியில் பார்க்கலாம், வைரஸை வளர்க்க முடியாது. கன்று திடீரென இறந்திருந்தால் இதயத் தசையிலும் ஒரு துண்டு எடுங்கள். இளங்கன்றுகளில் இந்த வைரஸ் இதயத்தைத்தான் தாக்கும்.

மூடியை இறுக்கி, டேப் சுற்றி, குப்பியின் வெளிப்புறத்தை 0.2 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலால் துடையுங்கள் (10 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம்). பஞ்சில் பொதிந்து இரண்டாவது டப்பாவில் வைத்து, ஐஸ் பேக் அடுக்கிய தெர்மாகோல் பெட்டியில் போடுங்கள். உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்தால் மூடியில் கூடுதல் கவனம் தேவை. அதிலிருந்து வரும் வாயு குப்பிக்குள் கசிந்தால் திரவம் அமிலமாகி, வழியிலேயே வைரஸ் செத்துவிடும்.

புண் ஆறிவிட்ட மந்தையில் இரத்தம் எடுங்கள்: உறைவுத் தடுப்பு சேர்க்காத குழாயில் 5 மி.லி., சாய்த்து வைத்து உறையவிட்டு, தெளிந்த சீரத்தைப் பிரிக்க வேண்டும். வைரஸ் உடலுக்குள் பெருகும்போது மட்டும் உண்டாகும் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை, நோய் வந்த மாட்டையும் ஊசி மட்டும் போட்ட மாட்டையும் பிரித்துக் காட்டும். பலமுறை ஊசி போட்ட மாட்டில் இது சில சமயம் தவறாக நேர்மறை காட்டலாம். ஒரு மாட்டை வைத்து முடிவு கட்டாமல் மந்தையில் பலவற்றைப் பாருங்கள்.

படிவத்தில் 12 இலக்கக் காது வில்லை எண், வயது, கடைசி ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், புண்ணின் வயது, மந்தையில் எத்தனைக்கு எத்தனை நோய் என்று எழுதுங்கள். ஊசி விவரம் இல்லாவிட்டால் வைரஸ் கிடைத்தும் பொருத்தம் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கிளம்பும்போது பூட்ஸ், வாளி, மூக்குப்பிடி எல்லாவற்றையும் 4 சதவீத வாஷிங் சோடாக் கரைசலில் கழுவுங்கள்: 10 லிட்டருக்கு 400 கிராம். சமையல் சோடா இதற்கு உதவாது. சாணம் ஒட்டியிருந்தால் முதலில் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். அன்று வேறு தொழுவத்துக்குப் போகாதீர்கள். மாதிரி மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு வழியாகப் போகட்டும்; வைரஸ் வகைப்படுத்தும் தேசிய ஆய்வகம் புவனேஸ்வரில் இருக்கிறது. முன்கூட்டியே போன் செய்துவிட்டு, வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும் பெட்டி, ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு பார்சல் அறையில் கிடந்து ஐஸ் உருகிவிடும்.