ஜெர்மன் கடையில் பேச: முதலில் காது, பிறகு வாய்

கடைக்கான ஜெர்மன் என்றதும் 'இது என்ன விலை?' என்பதைத்தான் பலரும் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டில் அதற்கு வேலையே இல்லை, விலை அட்டையிலேயே இருக்கும். திணறல் வருவது கல்லாவில். அங்கே கேட்கும் கேள்விகள் மூன்று நான்குதான், ஆனால் வேகமாக வரும். அவற்றைக் காதில் ஏற்றிக்கொள்வதே முதல் வேலை.

படி 1: ஒலி

க, ப, ட ஆகியவற்றின் ஒலி வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது. 'பிட்டெ'யில் (தயவுசெய்து) பாரதியின் ப, 'கெர்ன்' (விருப்பத்துடன்) என்பதில் காந்தியின் க. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் இலவசத் தொடக்கநிலைப் பாடங்களில் கடை தொடர்பான பகுதியை ஒருமுறை கேட்டுவிட்டு இதைப் படியுங்கள். 'ப்ரேட்ஷென்' (சிறு ரொட்டி) போன்ற சொற்களில் வரும் ஏகாரத்தை உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும். குவிக்காவிட்டாலும் புரிந்துகொள்வார்கள்.

படி 2: கல்லா

'ஹலோ' சொல்லுங்கள். பிறகு:

"ஸம்மெல்ன் ஸீ புங்க்டெ?" – புள்ளி சேர்க்கும் அட்டை இருக்கிறதா? "நைன்" (இல்லை) போதும்.

"பார் ஓடர் மிட் கார்ட்டெ?" – ரொக்கமா, அட்டையா? "மிட் கார்ட்டெ, பிட்டெ."

"ப்ரவுஹன் ஸீ டேன் பொங்?" – ரசீது வேண்டுமா? 2020 ஜனவரி முதல் மின்னணுக் கல்லா வைத்திருக்கும் கடைக்காரர் ரசீது கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒரே ஒரு ரொட்டி வாங்கினாலும் இந்தக் கேள்வி வரும். வாங்கிக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இங்கேதான் கவனம் தேவை. வேண்டும் என்று நினைத்து வெறுமனே "டாங்கெ" (நன்றி) என்று சொன்னால், பெரும்பாலும் 'வேண்டாம், நன்றி' என்றே எடுத்துக்கொள்வார்கள். ரசீது குப்பைக்குப் போய்விடும். வேண்டுமென்றால் "யா, பிட்டெ". வேண்டாமென்றால் "நைன், டாங்கெ". இரண்டையும் ஜோடியாகவே பழகுங்கள்.

கடைசியில் "ஷேனன் டாக் நொஹ்" (இந்த நாள் நன்றாக அமையட்டும்) என்று வாழ்த்துவார்கள். பதில்: "டாங்கெ, க்ளைஷ்ஃபால்ஸ்" (நன்றி, உங்களுக்கும்).

படி 3: எண்கள்

நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். தமிழில் 'இருபத்து மூன்று' என்கிறோம். ஜெர்மனில் 'மூன்றும் இருபதும்': ட்ரை-உண்ட்-ட்ஸ்வான்ட்ஸிஷ். 12,47 யூரோவை (அங்கே புள்ளிக்குப் பதில் காற்புள்ளி) "ட்ஸ்வெல்ஃப் ஸீபன்-உண்ட்-ஃபியர்ட்ஸிஷ்" என்பார்கள். 'ஒய்ரோ' என்ற சொல்கூட நடுவில் வராமல் போகலாம். ஏழு முதலில் காதில் விழுவதால் 12,74 என்று நினைத்துவிடுவோம்.

பயிற்சிக்குத் தாளில் ஒற்றை இலக்கத்தை முதலில் எழுதி, அதன் இடப்பக்கத்தைக் காலியாக விட்டு, பத்தாம் இடத்தைப் பிறகு நிரப்புங்கள். கைபேசி விசைப்பலகையில் இது நடக்காது. அங்கே எண் முழுவதும் காதில் விழும்வரை காத்திருக்க வேண்டும்.

16, 60 குழப்பத்துக்கு முடிவைக் கவனியுங்கள்: ஸெஷ்-ட்ஸேன் பதினாறு, ஸெஷ்-ட்ஸிஷ் அறுபது. தெற்கில் அந்த 'இஷ்' பல இடங்களில் 'இக்' ஆகிவிடும். 'ட்ஸ்வை'யும் (2) 'ட்ரை'யும் (3) இரைச்சலில் ஒன்றுபோல் கேட்பதால் ஜெர்மானியர்களே இரண்டை 'ட்ஸ்வோ' என்பதுண்டு.

கருவி என்றால் என் தேர்வு அங்கி (Anki) என்ற நினைவட்டைச் செயலி. அட்டையின் முன்பக்கம் ஒலி மட்டும், பின்பக்கம் எண். எழுத்தை முன்பக்கம் வைத்தால் கண்தான் பழகும். கூடவே சூப்பர் மார்க்கெட்டுகளின் வாராந்திரச் சலுகைத் தாளை எடுத்து விலைகளை வாய்விட்டுப் படியுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியின் கேமரா பொட்டல எழுத்தைப் படிக்க அருமையானது; பின்னால் வரிசை நிற்கும்போது உதவாது.

படி 4: பேக்கரியும் பாலாடைக்கட்டி கவுண்டரும்

இங்கே பேசித்தான் ஆக வேண்டும். "இஷ் ஹெட்டெ கெர்ன் ஃபியர் ப்ரேட்ஷென், பிட்டெ" – நான்கு ரொட்டி கொடுங்கள். இந்த ஒரே அச்சில் எண்ணையும் பொருளையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெர்லினில் அதே ரொட்டி 'ஷ்ரிப்பெ', பவேரியாவில் 'ஸெம்மெல்'. "ஸொன்ஸ்ட் நொஹ் வஸ்?" (வேறு ஏதாவது?) என்றால் "டாஸ் வார்ஸ்" (அவ்வளவுதான்).

பாலாடைக்கட்டி கேட்டால் "ஆம் ஷ்டிக் ஓடர் கெஷ்னிட்டன்?" என்பார்கள்: முழுத்துண்டா, சீவியதா? நீங்கள் கேட்டது 200 கிராம், தராசு 215 காட்டினால் "டார்ஃப்ஸ் எட்வஸ் மேர் ஸைன்?" (கொஞ்சம் கூடுதலாக இருக்கலாமா?). "யா, பஸ்ட்" என்றால் சரி. 'ஐன் ப்ஃபுண்ட்' என்றால் 500 கிராம்.

படி 5: எங்கே இருக்கிறது?

"எண்ட்ஷுல்டிகுங், வோ ஃபிண்டெ இஷ் ரைஸ்?" – அரிசி எங்கே? இதே வாக்கியத்தில் 'ரைஸ்' என்ற சொல்லுக்குப் பதிலாகப் பருப்புக்கு 'லின்ஸன்', ரவைக்கு 'க்ரீஸ்', தயிருக்கு 'யோகுர்ட்'. கேட்பது சுலபம், பதில் புரிய வேண்டும்: லிங்க்ஸ் (இடம்), ரெஹ்ட்ஸ் (வலம்), கான்ட்ஸ் ஹின்டன் (கடைசியில்), உன்டன் (கீழே), ஓபன் (மேலே), காங் ட்ரை (மூன்றாம் வரிசை).

பின்சேர்க்கை

காலிப் பாட்டில் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில், கேன்களுக்கு 25 சென்ட் முன்பணம். மறுபயன்பாட்டு பாட்டில்களுக்குப் பெரும்பாலும் 8 அல்லது 15 சென்ட். காலிப் பாட்டிலைத் திரும்பப் போட்டதும் இயந்திரம் தரும் சீட்டைக் கல்லாவில் நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே நீட்டி "இஷ் ஹாபெ நொஹ் ஐனன் ப்ஃபாண்ட்பொங்" (முன்பணச் சீட்டும் இருக்கிறது) என்று சொல்லுங்கள்.

பொருளை மாற்ற: "இஷ் மேஷ்டெ டாஸ் உம்டவுஷன்". ரசீது கையில் இருக்கட்டும். பிடிக்கவில்லை என்பதற்காகக் கடையில் வாங்கியதைத் திரும்ப எடுக்கச் சட்டக் கட்டாயம் இல்லை. 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரும் உரிமை, இணையம் போலக் கடைக்கு வெளியே வாங்கியவற்றுக்குத்தான்.