ஜாவாஸ்கிரிப்ட் அரேயில் முந்தைய, அடுத்த உறுப்புகளை லூப்பிற்குள் எடுப்பது எப்படி?

வெப்பநிலை என்ற அரேயில் நான்கு நாள்களின் அளவுகளாக 31, 33, 32, 36 ஆகியவை இருப்பதாகக் கொள்வோம். ஃபார் லூப்பின் இன்டெக்ஸுக்கு (0 இலிருந்து எண்ணப்படும் இட எண்) இ என்று பெயரிட்டால், முந்தைய நாளின் அளவை வெப்பநிலை[இ - 1] என்றும், அடுத்த நாளின் அளவை வெப்பநிலை[இ + 1] என்றும் எடுக்கலாம். (ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் எழுத்திலான மாறிப் பெயர்களை ஏற்கும்.)

கடினமான பகுதி ஓரங்களில்தான் இருக்கிறது. முதல் உறுப்புக்கு முன்னும் கடைசி உறுப்புக்குப் பின்னும் எதுவும் இல்லாதபோதும், ஜாவாஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாமல் அன்டிஃபைன்ட் (வரையறுக்கப்படாதது) என்ற மதிப்பைத் தந்துவிடுகிறது. அதை எண்ணோடு கழித்தால் நேன் (எண் அல்லாதது) கிடைப்பதால் தவறு விரைவில் கண்ணில் படும். ஆனால் 36 அன்டிஃபைன்டைவிடப் பெரியதா என்று ஒப்பிட்டால் ஃபால்ஸ் (இல்லை) என்றே விடை வரும் என்பதால், இருபுறமும் உள்ளவற்றைவிட அதிகமான நாளைத் தேடும் நிரல் கடைசி நாளைச் சத்தமின்றி விட்டுவிடும். எனவே ஓரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை லூப் எழுதும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தடுத்த நாள்களின் வேறுபாடு மட்டும் போதுமென்றால், லூப்பை 1 இலிருந்து தொடங்குவதே மிகத் தெளிவான வழி. 2, -1, 4 என மூன்று விடைகள் கிடைக்கும். கடைசி உறுப்புக்கு அடுத்தது முதல் உறுப்பே என்று வட்டமாகக் கொள்ள வேண்டுமானால், நீளம் என்ற மாறியில் அரேயின் அளவை வைத்து, முந்தைய இடத்தை இவ்வாறு கணக்கிடலாம் (% என்பது வகுத்தலின் மீதியைத் தரும்):

(இ - 1 + நீளம்) % நீளம்

நீளத்தைக் கூட்டாமல் விட்டால், -1 % 4 என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் -1 என்றே விடை தரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் 2022 பதிப்பில் வந்த, இட எண்ணைக் கொடுத்தால் உறுப்பைத் தரும் அட் மெத்தட் -1 ஐக் கடைசி உறுப்பாகவே எடுத்துக்கொள்வதால், வட்டம் தேவையில்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தினால் முதல் நாளின் "முந்தைய நாள்" 36 ஆகிவிடும்.

அரேயின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும் மேப், ஃபில்டர், ஃபார்ஈச் ஆகிய மெத்தட்கள் கால்பேக்கிற்கு (நாம் கொடுக்கும் ஃபங்ஷனுக்கு) உறுப்பு, இன்டெக்ஸ், அரே என மூன்றையும் தருகின்றன. ஃபில்டருக்குப் பின் மேப்பைத் தொடர்ந்து எழுதும்போது இந்த மூன்றாவதையே பயன்படுத்த வேண்டும். ஃபில்டர் சில உறுப்புகளை விட்டுவிடக்கூடும் என்பதால், வெளியில் உள்ள மூல அரேயைத் தொட்டால் இன்டெக்ஸ் பொருந்தாது.

மூன்று நாள் சராசரி காணும்போது விடையை அதே அரேயில் எழுதாதீர்கள். இரண்டாம் நாளின் 33 இருந்த இடத்தில் சராசரியான 32 அமர்ந்துவிட்டால், மூன்றாம் நாளுக்கு 33.67 என வரவேண்டிய சராசரி 33.33 ஆகக் குறைந்துவிடும். மேப் புதிய அரேயைத் தருவதால் அந்தச் சிக்கல் அங்கே எழுவதில்லை.