ஆகஸ்டில் ஒயினரிக்குப் போகும் சேலத்துக்காரர்கள் செய்யும் தவறுகள்

சேலத்தில் “ஒயின் ஷாப் எங்கே?” என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். அங்கே பிராந்தி இருக்கும், பீர் இருக்கும். ஒயின் வேண்டும் என்று கேட்டால்தான் விற்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். இதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான்; 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி கொண்டுவந்தார். 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். இந்த ஊரில் ஒயினை எப்படிக் குடிப்பது என்று சொல்லித்தர ஒரு தாத்தாவோ மாமாவோ யாருக்கும் வாய்த்திருக்க மாட்டார்.

அதனால் நமக்குத் தெரிந்த ஒயின் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, ஐரோப்பாவைக் காட்டும் வீடியோக்கள். இன்னொன்று, உள்ளூர் பார். ஒயின் தயாரித்து, வருகிறவர்களுக்கு ருசி பார்க்கவும் கொடுக்கும் பெங்களூர்ப் பக்கத்து ஒயினரிக்குப் போய் நாம் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டையும் அப்படியே அங்கே தூக்கிக்கொண்டு போவதால் வருபவை. நான் எல்லாவற்றையும் செய்திருக்கிறேன்.

முதல் தவறு மாதத்தில். பிரான்ஸிலும் இத்தாலியிலும் கோடை முடியும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில்தான் அறுவடை. கொத்துக் கொத்தாகத் தொங்கும் கறுப்புத் திராட்சை, கூடை தூக்கிய ஆட்கள், திருவிழா எல்லாம் அப்போதுதான். அதைப் பார்த்துவிட்டு நாமும் ஆகஸ்டில் காரை எடுக்கிறோம். நந்தி மலை அடிவாரத்தில் போய் இறங்கினால் இலைதான் இருக்கிறது, பழம் இல்லை. என்னோடு வந்த நண்பர், “என்னங்க, அவரைப் பந்தல் மாதிரி இருக்குது?” என்றார்.

காரணம் எளிது. குளிர்நாட்டில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் விழிக்கும், கோடை முடிவில் பழுக்கும். தக்காணத்தில் அதைத் தூங்கவைக்க அந்த அளவுக்குக் குளிர் கிடையாது. அதனால் விவசாயி கத்தரிக்கோலால் காலத்தை மாற்றுகிறார். ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, அது கொடியைத் தேற்றுவதற்கு. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து, அது பழத்துக்கு. பழம் முற்றி அறுவடைக்கு வருவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் இந்தக் கணக்கு. திராட்சையைக் காலால் மிதிக்கும் விழாக்களும் இசை விழாக்களும் அந்த மாதங்களில்தான். நாசிக்கில் சூலா ஒயினரி 2008இல் தொடங்கிய சூலாஃபெஸ்ட் நடந்துவந்ததும் பிப்ரவரி வாக்கில்தான்.

இது நமக்குப் புரியாத விஷயமும் இல்லை. மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு வருபவர்கள் எஸ்டேட் வாசலில் நின்று, “சிவப்பாக காப்பிப் பழம் பார்க்கணும்” என்று கேட்பார்கள். மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூத்த செடியில் மே மாதம் பச்சைப் பிஞ்சுதான் இருக்கும். பழம் பறிப்பது நவம்பருக்குப் பிறகு. சேர்வராயன் மலையில் நாம் வெளியூர்க்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பை நந்தி மலைக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சரி, அப்படியானால் ஆகஸ்டில் போகவே கூடாதா? போகலாம். என் கணக்கில் அதுதான் நல்ல நேரம்கூட. பிப்ரவரியில் கூட்டம் அம்மும், ஊழியர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகஸ்டில் தூறலும் குளிர்காற்றுமாக இருக்கும். தொட்டியில் என்ன இருக்கிறது, மரப்பீப்பாயில் எத்தனை மாதம் வைக்கிறீர்கள், இந்த வருடப் பழம் எப்படி என்று நிதானமாகக் கேட்கலாம். கன்வல் குரோவர் தொட்டபள்ளாபுரத்தில் 1988இல் தொடங்கிய ஒயினரியைத் தேடித்தான் அந்தப் பக்கம் அதிகம் பேர் போகிறார்கள். மைசூர் சாலையில் சென்னபட்டணம் பக்கம் சூலாவின் கிளை ஒன்று இருக்கிறது. பழம் பார்க்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் போதும்.

மாதத்தைச் சரியாகப் பிடித்தவர்களும் தேதியில் கோட்டை விடுவார்கள். நாங்கள் ஒரு வருடம் ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வந்த மூன்று நாள் விடுமுறைக்குத் திட்டம் போட்டோம். சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர். அதைக் கடந்து தொட்டபள்ளாபுரம் போய்ச் சேர மேலும் ஒன்றரை மணி நேரம். விடியற்காலையில் கிளம்பி, கிருஷ்ணகிரியில் இட்லி சாப்பிட்டு, பத்தரைக்கு வாசலில் நின்றால், காவலாளி தேசியக் கொடியைக் காட்டினார். சுதந்திர தினம் மது விற்கக் கூடாத நாள். அக்டோபர் 2ம் அப்படித்தான். விநாயகர் ஊர்வல நாட்களில் அந்தந்தப் பகுதிக் கடைகளை அடைக்கச் சொல்வதும் கர்நாடகத்தில் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் நாள்காட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, போன் போட்டு நேரம் பதிவு செய்துகொண்டு போவது நல்லது. வயதுச் சான்றும் கையில் இருக்கட்டும். 21க்குக் குறைந்தவர்களுக்கு ஊற்ற மாட்டார்கள்.

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் கூட்டத்தில் பாதிப் பேர் தொடமாட்டார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. புரட்டாசி விரதக்காரர் ஒருவர் வந்தால் அவரைவிட நல்ல டிரைவர் கிடைக்க மாட்டார்.

டிரைவர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. “சும்மா ருசி பார்க்கிறதுதானே, ஒரு வாய் ஒரு வாய்தானே” என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வகைக்கு 30 மில்லி வீதம் ஐந்து வகை என்றால் 150 மில்லி. ஒயினில் ஆல்கஹால் சுமார் 13 சதவீதம். அப்படியானால் உள்ளே போவது ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால். எழுபது கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற அளவைத் தொட்டுவிடும். நம் மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் எல்லையும் அதே 30தான். எடை குறைந்தவர்களுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் இன்னும் சீக்கிரம் தாண்டும். முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்குப் பிறகு நெடுஞ்சாலை, லாரிகள், தொப்பூர்க் கணவாய் இறக்கம். அந்த இறக்கத்தை நன்றாக விழித்திருக்கும்போதே பயந்து பயந்துதான் ஓட்டுகிறோம். ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. இல்லாவிட்டால் இரவு அங்கேயே தங்க வேண்டும்.

மற்றவர்களும் ஐந்தையும் விழுங்கித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. மேசையில் ஒரு வாளியோ குவளையோ வைத்திருப்பார்கள். அது துப்புவதற்கும் மிச்சத்தை ஊற்றுவதற்கும். காசு கொடுத்ததைத் துப்புவதா என்று நமக்கு மனசு வராது. என் நண்பர் ஒருவர் அதைக் கை கழுவும் பாத்திரம் என்று நினைத்து எலுமிச்சைத் துண்டு தேடினார். வாயில் ஒரு சுற்றுச் சுழற்றி ருசி தெரிந்ததும் துப்பிவிடுவது அங்கே மரியாதைக் குறைவே இல்லை. ஒரே மடக்கில் இறக்கிவிட்டு “அடுத்தது” என்று கிளாஸை நீட்டுவதுதான் அவர்களைச் சங்கடப்படுத்தும்.

ஒயினில் பாதி ருசி மூக்கில். ஆகவே பயணத்துக்குக் கிளம்பும்போது அடித்துக்கொள்ளும் சென்ட்டும், தலை நிறைய வைத்த மல்லிகைப் பூவும் அந்த ஒரு மணி நேரத்துக்கு எதிரிகள். பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்துத்தான். வெற்றிலை பாக்கு, பில்டர் காப்பி, மின்ட் மிட்டாய் எல்லாம் அப்புறம்.

சிவப்பு ஒயினை வாயில் வைத்ததும் ஈறு இழுக்கும். “கெட்டுப்போச்சு போல” என்று வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது டானின், நம் பாஷையில் துவர்ப்பு. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. நாவல்பழம், வாழைப்பூ சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கவே தேவையில்லை. உண்மையிலேயே கெட்டது என்றால் நனைந்த அட்டைப் பெட்டி வாசம் வரும், அல்லது காடி மாதிரி புளிக்கும்.

“சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும்” என்று படித்துவிட்டு அலமாரியில் வைப்பது இன்னொரு தவறு. அந்த அறை குளிர்நாட்டு வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. செவ்வாய்ப்பேட்டையில் மாடி வீட்டு அறை 35. அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். சிவப்பை அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள், வெள்ளையை இரண்டு மணி நேரம். பழசானால்தான் நல்லது என்று பத்து வருடம் பூட்டிவைப்பதும் வேண்டாம். இங்கே கிடைக்கும் பெரும்பாலான ஒயின்கள் இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிக்கச் செய்தவை.

சாப்பாட்டில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. பார் பழக்கத்தில் நாம் சைடிஷ் என்றாலே மிளகாய் போட்டு வறுத்ததைத்தான் தேடுவோம். துவர்ப்பான சிவப்பு ஒயினோடு பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டால் காரம் இரண்டு மடங்காக எரியும், ஒயினும் கசக்கும். காரத்துக்குத் தோது லேசாக இனிப்புள்ள வெள்ளை ஒயின்தான், செனின் பிளாங்க் போல, நன்றாகக் குளிரவைத்து. ஒருமுறை சேலத்திலிருந்து தட்டுவடையும் சட்னிகளும் துருவிய பீட்ரூட்டும் கட்டி எடுத்துப்போய், தங்கிய இடத்தில் செட் போட்டுச் சாப்பிட்டோம். அந்த வெள்ளை ஒயினுக்கு அவர்கள் கொடுத்த பாலாடைக்கட்டியைவிட அது நன்றாகவே பொருந்தியது.

கடைசியாக, திரும்பி வரும்போது. பிடித்த பாட்டிலை நான்கு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு அத்திபள்ளியைக் கடக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் சட்டப்படி வாங்கியது இந்தப் பக்கம் அனுமதி இல்லாத வெளிமாநில மது. ஓசூர் எல்லையில் சோதனை உண்டு, வழக்கும் உண்டு, காரையும் பிடித்துவைப்பார்கள். எல்லையில் தப்பித்தாலும், வெயிலில் நிறுத்திய காரின் சூட்டில் ஒயின் வெந்த பழக்கூழ் வாசத்துக்குப் போய்விடும். வாங்கினால் தங்கும் இடத்திலேயே குடித்து முடிக்கிற அளவுக்கு வாங்குங்கள்.

வீட்டில் “என்ன வாங்கிட்டு வந்தீங்க?” என்று கேட்பார்கள். அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். வரும் வழியில் சாலையோரம் பெங்களூர் நீலத் திராட்சை கிடைத்தால் இரண்டு கிலோ கட்டிக்கொள்வேன். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பழம். தோல் தடிப்பு, உள்ளே விதை, லேசான புளிப்பு. அம்மா அதில் சர்க்கரை போட்டு ஜூஸ் அடித்துவிட்டு, “இதுக்குத்தானா அம்புட்டு தூரம் போனே?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.