ஃப்ரீ டிஷ் மாட்டப் போறீங்களா? டெல்லி வீடியோ பாத்து தஞ்சாவூர்ல எல்என்பி திருகாதீங்க

எங்க மன்னார்குடி பக்கம் இப்ப திரும்பவும் டிஷ் ஆசை கெளம்பியிருக்கு. கேபிளுக்கு மாசாமாசம் கட்டி அலுத்துப்போனவங்க, ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஏதோ ஒரு டிவி ஓடினா போதும்னு நெனைக்கற சென்னைப் புள்ளைங்க, சும்மா நோண்டிப் பாக்கற பாலிடெக்னிக் பசங்க, எல்லாரும் ஆன்லைன்ல ஒரு செட்டை வாங்கிடறாங்க, ஞாயித்துக்கிழமை மாடி ஏறிடறாங்க, சாயங்காலம் எனக்கு போன் வந்துடும். "அண்ணே, சிக்னல் காட்டுது, படம் வரலண்ணே." நாங்க டிஷ் பழகின காலத்துல அடிச்ச அதே கூத்துதான், ஆளுதான் வேற. கேபிளை சொருகினியா, பாக்ஸ ஆன் பண்ணியான்னு எல்லாம் இங்க எழுதப்போறதில்ல. காசும் நாளும் எங்க வீணாப் போகுதோ அதை மட்டும் சொல்றேன். தலைப்புல சொன்ன எல்என்பிங்கறது டிஷ்ஷுக்கு முன்னாடி கம்பில நிக்கற, சிக்னலைப் புடிச்சு கேபிள்ல அனுப்பற சின்ன டப்பா.

எந்த சேனல் வேணும்னு யோசிக்காம வாங்கறது

ஃப்ரீ டிஷ்னு சொன்னாலே எல்லாரும் வாங்கறது டிடி ஃப்ரீ டிஷ் செட். நல்ல சாமான்தான், குறை சொல்லல. 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் ப்ளஸ்னு ஆரம்பிச்சது, இப்ப 93.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு மேல இருக்கற ஜிசாட் 15 சேட்டிலைட்ல ஓடுது, கேயூ பேண்டுங்கற அலைவரிசைங்கறதால ரெண்டடி டிஷ்ஷே போதும், மாசக் கட்டணம் கிடையாது. ஆனா உள்ள இருக்கறதுல பெரும்பங்கு இந்தி. தமிழ்னு பாத்தா டிடி தமிழ் (2024 ஜனவரி வரைக்கும் பொதிகைன்னு சொன்னமே அதேதான்) வரும், அதுக்கு மேல பெருசா எதிர்பாக்காதீங்க. சன், விஜய், ஜீ தமிழ் எல்லாம் கட்டண சேனல், எந்த டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா வராது. எங்க தெருவுல ஒரு பெரியம்மா சீரியலுக்காகவே இதை மாட்டச் சொல்லி, மாட்டி முடிச்சதும் ரிமோட்டை ஒரு சுத்து அமுக்கிப் பாத்துட்டு "ஏன்டா தம்பி, எல்லாரும் இந்திலயே பேசறானுவ"ன்னாங்க. அந்த டிஷ் இன்னும் கொல்லைல சாஞ்சு கெடக்கு.

தமிழ்ல இலவசமா வர்ற நியூஸ், பக்தி, சின்ன சேனல் எல்லாம் வேணும்னா சி பேண்டுங்கற இன்னொரு அலைவரிசைக்குப் போகணும். 66 டிகிரில இன்டெல்சாட் 17, 83 டிகிரில ஜிசாட் 30, இந்த ரெண்டு சேட்டிலைட்டைத்தான் நம்மாளுங்க முதல்ல தேடறது. அதுக்கு ஆறடி டிஷ், இடம் வேணும், ரெண்டு ஆள் வேணும். பதிலுக்கு ஐப்பசி அடைமழைலயும் படம் நிக்கும், கேயூ பேண்டுல வானம் இருண்டு கொட்ட ஆரம்பிச்சாலே படம் கட்டம் கட்டமா ஒடஞ்சு காணாமப் போயிடும். சேனல் லிஸ்ட் மாறிக்கிட்டே இருக்கும், இன்னிக்கு ஃப்ரீயா வர்றது நாளைக்குப் பூட்டிக்கலாம், அதனால போன வருஷத்து லிஸ்ட்டை நம்பி டிஷ் வாங்காதீங்க. பாக்ஸ் வாங்கறப்போ எம்பெக் 4-ம் டிவிபி எஸ்2-வும் (சேனலை அனுப்பற புது முறைங்க) இருக்கான்னு கேட்டு வாங்குங்க, பழைய எம்பெக் 2 பாக்ஸ் யாராவது சல்லிசா குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க.

ஸ்ட்ரென்த் பாக்கறது

பாக்ஸோட சிக்னல் மெனுல ஸ்ட்ரென்த், குவாலிட்டின்னு ரெண்டு காட்டும், குவாலிட்டி பாருங்க. ஸ்ட்ரென்த் வெறும் வானத்தைப் பாத்து வச்சாலும் ஏறும்.

டிஷ் எதிர்வீட்டைப் பாக்கணும்னு நெனைக்கறது

வடக்க எடுத்த வீடியோல டிஷ் எட்டத்துல எங்கயோ பாக்கற மாதிரி நிக்கும். நம்ம ஊரு பூமத்திய ரேகைக்குக் கிட்டக்க, தஞ்சாவூர் 10.8 டிகிரி வடக்கு. சேட்டிலைட் எல்லாம் கிட்டத்தட்ட நம்ம தலைக்கு மேல. 93.5 பாக்கணும்னா அக்னி மூலைல சுமார் 69 டிகிரி ஒசரம், 66-க்கு கன்னி மூலைல 70, 83 கிட்டத்தட்ட நேர் தெற்கு, கொஞ்சம் கெழக்க தள்ளி, 76 டிகிரி. அதனால ஆறடி டிஷ் நம்ம மாடில சாய்ஞ்சு நிக்காது, படுத்துத்தான் கெடக்கும், அப்படிக் கெடந்தா அது தப்பு இல்ல. சின்ன கேயூ டிஷ் மட்டும் கொழப்பும், அது ஆஃப்செட் டிஷ், தட்டு பாதி சாய்வுலதான் தெரியும், ஆனா பாக்கறது அதைவிட மேல.

இதுல ஒரு லாபம் இருக்கு. தென்னமரம் மறைக்குதுன்னு பயந்து மாட்டாமலே விட்டவங்க நெறைய பேர். 60 அடி மரமே 22 அடி தூரத்துக்குள்ள இருந்தாத்தான் 70 டிகிரி பார்வைய மறைக்கும், மட்டை விரிவையும் சேத்து 35 அடி தள்ளி நின்னா கவலையே இல்ல. மரத்தை வெட்டிப்புடாதீங்க. நஷ்டமும் இருக்கு, படுத்துக் கெடக்கற டிஷ்ல மழைத்தண்ணி, எலை, காக்கா கொண்டாந்து போடற குச்சி எல்லாம் சேரும், அடில ஓட்டை இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி போடுங்க. இன்னொண்ணு, எல்என்பி தலைகீழா டிஷ்ஷைப் பாத்துத் தொங்கறதால பல எல்என்பில கேபிள் சொருகற வாய் ஆகாசத்தைப் பாத்து நிக்கும். அங்க டேப்பை நல்லா சுத்தி, கேபிளைக் கீழ ஒரு வளைவு தொங்கவிட்டு எடுத்துட்டுப் போகணும். இல்லேன்னா கார்த்திகை முடியறதுக்குள்ள உள்ள பச்சை பூத்துரும், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் உப்புக்காத்துல இன்னும் சீக்கிரம்.

எல்என்பியைத் திருப்பாம, மத்ததை எல்லாம் மாத்தறது

இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

சேட்டிலைட் சிக்னல் ரெண்டு விதமா வரும், ஹரிசான்டல், வெர்டிகல். பாக்ஸ் கேபிள் வழியா 13 வோல்ட் அனுப்பினா எல்என்பி வெர்டிகலை எடுக்கும், 18 அனுப்பினா ஹரிசான்டல். இந்த படுக்கை, செங்குத்துங்கறதெல்லாம் சேட்டிலைட்டுக்கு, அது பூமத்திய ரேகைய வச்சு நேரா நிக்குது. நாம அதை ஒரு பக்கமா இருந்து பாக்கறோம், அதனால நம்ம கண்ணுக்கு அது சாஞ்சு தெரியும், எல்என்பியையும் அதே அளவு சாய்க்கணும். எவ்வளவு சாய்க்கணுங்கறது ஊருக்கு ஊர் வேற, பூமத்திய ரேகைகிட்ட போகப்போக ஜாஸ்தியாகும். கணக்கு போட்டுப் பாருங்க: 93.5-க்கு டெல்லில சுமார் 27 டிகிரி, தஞ்சாவூர்ல 52. ஏறக்குறைய ரெண்டு மடங்கு! அந்த வீடியோக்காரர் மேல தப்பே இல்ல, அவரு மாடில அது சரி. நம்மாளு அதை அப்படியே பாத்து நம்ம மாடில வச்சா 25 டிகிரி பிசகு, வெர்டிகலோட ஹரிசான்டலும் கலந்து உள்ள வரும், பலமான நாலு சேனல் மட்டும் புடிக்கும், மத்தது ஒண்ணு வராது, இல்ல வந்து வந்து நிக்கும். எல்என்பி மேல இருக்கற சைபர் கோட்டை நேராக் கீழ பாக்க வச்சுட்டீங்கன்னா இன்னும் மோசம், 93.5-லயும் 66-லயும் நமக்கு வேணுங்கறதைவிட வேணாங்கறதுதான் ஜாஸ்தி உள்ள வரும்.

நீடாமங்கலம் பக்கம் எனக்கு மச்சான் முறை ஆகற தம்பி ஒருத்தன். 83-ஐ அவனே அழகா செட் பண்ணிட்டான், பாராட்டணும். அப்புறம் அதே டிஷ்ஷை 66-க்குத் திருப்பினான், திசை சரி, ஒசரம் சரி, ஒண்ணும் வரல. கடைல போய்க் கேட்டிருக்கான், எல்என்பி போயிருக்கும்னு புதுசு ஒண்ணு குடுத்துட்டாங்க. அதுலயும் வரல. அப்ப இது டூப்ளிகேட்டுன்னு வெல கூடினது ஒண்ணு. பாக்ஸ் வீக்னு ஒரு பாக்ஸ். கடைசில "ஆறடி பத்தாது தம்பி, எட்டடி போடு"ன்னு கடைக்காரர் சொல்ல, குறுவை நெல்லு வித்த காசுல எட்டடி டிஷ் வந்து எறங்கிடுச்சு, லோடு வண்டி வாடகை தனி. ஒரு வாரம் மாடிலயே குடியிருந்துட்டு அப்புறம் எனக்கு போன் பண்றான். "மச்சான், சேட்டிலைட்டே ரிப்பேர் போல."

போய் ஏறிப் பாத்தா எல்என்பி 83-க்கு வச்ச அதே கோணத்துல இருக்கு. 83-க்கு ஒரு பக்கம் 20 டிகிரி திருப்பணும், 66 தெற்குக்கு மேற்க இருக்கறதால அதுக்கு மறுபக்கம் 50. மொத்தம் 70 டிகிரி தள்ளி நிக்குது, எப்படி வரும்? ரிங்குல இருந்த ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, எல்என்பி கழுத்தைப் புடிச்சு மெதுவாத் திருப்பினேன், கீழ இருந்து அவன் தங்கச்சி குவாலிட்டியைப் பாத்து "பதினெட்டு... முப்பது... அய்யோ எறங்குது, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்"னு கத்துது, அறுபதைத் தாண்டி நின்னுச்சு. அதுக்கப்புறம் பழைய ஆறடியை வச்சு, முதல்ல தூக்கிப் போட்ட எல்என்பியையே மாட்டிப் பாத்தோம். அதுலயும் வந்துச்சு! ஸ்க்ரூவை லூஸ் பண்ண காசு கேக்காது, அதான் கடைல யாரும் அதைச் சொல்லல போல. எட்டடியை திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க.

எப்படித் திருப்பறது: டிஷ்ஷுக்கு முன்னாடி நின்னு டிஷ்ஷைப் பாருங்க. 93.5-க்கும் 83-க்கும் கடிகார முள் சுத்தற பக்கம், 66-க்கு எதிர்ப்பக்கம். முதல்ல கணக்குக்குக் கிட்டக்க வச்சுட்டு, பலமான சேனல்ல இல்ல, குவாலிட்டி கம்மியா காட்டற ஒரு ஃப்ரீக்வென்சில நில்லுங்க, பலமானது எப்படி வச்சாலும் வரும், உங்களை ஏமாத்தும். எல்என்பியை ஒரு பக்கம் திருப்பி படம் போயிடற எடத்துல மார்க்கர்ல ஒரு கோடு, மறுபக்கம் திருப்பி போயிடற எடத்துல இன்னொரு கோடு, ரெண்டுக்கும் நடுவுல வச்சு முடுக்குங்க. ஒவ்வொரு தரம் அசைச்ச பிறகும் கையை எடுத்துட்டு ரெண்டு மூணு செகண்ட் பொறுங்க, பாக்ஸ் மெதுவாத்தான் காட்டும். அப்புறம் ஹரிசான்டல் ஒண்ணு, வெர்டிகல் ஒண்ணு, ரெண்டையும் செக் பண்ணாம எறங்காதீங்க. பாதி சேனல் நல்லா வந்து பாதி சேனல் வரவே இல்லன்னா எதையும் வாங்கறதுக்கு முன்னாடி இந்த ஸ்க்ரூகிட்ட போங்க. டிஷ்ஷை வேற சேட்டிலைட்டுக்கு நகத்தினா எல்என்பியும் கூடவே திரும்பணும், இதை செவுத்துல எழுதி வச்சாலும் தப்பில்ல.

காயலாங்கடை டிஷ்

தாராளமா வாங்கலாம், நூல் கட்டிப் பாத்துட்டு. விளிம்புக்கு விளிம்பு ரெண்டு நூலை குறுக்க இழுத்துக் கட்டுங்க, நடுவுல ரெண்டும் ஒண்ணையொண்ணு லேசாத் தொட்டா தட்டு கோணல் இல்ல, இடைவெளி தெரிஞ்சா வளைஞ்சிருக்கு, வச்சிட்டு வந்துடுங்க. எல்என்பி எவ்வளவு ஒசரத்துல நிக்கணுங்கறதுக்கும் கணக்கு இருக்கு: அகலத்தை அகலத்தாலயே பெருக்கி, ஆழத்தோட 16 மடங்கால வகுக்கணும். 180 சென்டிமீட்டர் அகலம், 30 ஆழம்னா 67.5 சென்டிமீட்டர்.

கைப்பிடிச் சுவர்ல போஸ்ட் அடிக்கறது

2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் கரையேறினப்போ நம்ம பக்கம் பறந்த டிஷ்ஷுல முக்காவாசி செங்கல் சுவரோட சேந்து பறந்தது. தளத்துலயோ தரையிலயோ காங்கிரீட் போட்டு போஸ்ட்டை நிறுத்துங்க, ரசமட்டம் வச்சு ரெண்டு பக்கமும் பாருங்க. போஸ்ட் சாஞ்சா டிகிரி கணக்கு மொத்தமும் சாஞ்சிடும். ஃபோன் காம்பஸை அந்த இரும்புகிட்ட வச்சுப் பாக்காதீங்க, நாலடி தள்ளி நில்லுங்க. காத்து ஜாஸ்தி அடிக்கற எடம்னா வலை டிஷ் நல்லது.

5ஜி டவர்

நல்லா ஓடிக்கிட்டிருந்த சி பேண்ட் திடீர்னு மொத்தமா செத்துச்சுன்னா பக்கத்துல புதுசா டவர் வந்துருக்கான்னு பாருங்க. 2022-ல ஏலம் விட்ட 5ஜி அலைவரிசை 3300-லேருந்து 3670 மெகாஹெர்ட்ஸ், நம்ம சேனல் 3700-க்கு மேல, பக்கத்து மனைதான். சாதா எல்என்பி ரெண்டையும் சேத்து முழுங்கி திணறிடும். 5ஜி ஃபில்டர் உள்ள எல்என்பி கேட்டு வாங்குங்க. புது எல்என்பி வாங்கித்தான் ஆகணுங்கற எடம் இது ஒண்ணு.

பங்குனி, புரட்டாசில டிஷ்ஷைத் தொடறது

மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசிலயும் சில நாள், மதியத்துக்கு ஒரு மணி நேரம் முன்னே பின்னே, படம் கொஞ்ச நிமிஷம் போயிட்டு வரும். சூரியன் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்து நிக்குது, அவ்வளவுதான். ஸ்பேனரைக் கீழ வைங்க. அந்த நேரம் மேல ஏறினா ஒண்ணு மட்டும் பாருங்க, ஆறடி டிஷ்ஷா இருந்தா எல்என்பியோட நிழல் டிஷ்ஷோட நட்டநடுவுல விழுதான்னு. விழுந்தா திசை சரி, தள்ளி விழுந்தா எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்குன்னு அதுவே காட்டிடும்.

காசு கட்டினா எல்லா சேனலும் வரும்னு விக்கற சர்வர்

திருட்டு. எனக்கு போன் பண்ணாதீங்க.