நிலம், அடுப்பு, வாசல்: கடலூர், புதுவை வட்டாரத்தின் அறநிலைகளைக் கொண்டு சமூக வரலாறு எழுதும் முறை

நம்பிக்கையும் அரசியலும் மக்கள் நலப் பணியும் ஒரு சமூகத்தை எவ்வாறு வடித்தன என்று எழுத முற்படுவோர் பெரும்பாலும் கொள்கை விளக்கத்தில் தொடங்கி, கொள்கை விளக்கத்திலேயே முடித்துவிடுகின்றனர். கடலூரிலோ புதுவையிலோ இருப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள வழி ஒன்று உண்டு. ஒரு நம்பிக்கை ஊரில் வேரூன்ற வேண்டுமானால் அதற்கு நிலம் வேண்டும். அந்நிலத்தின் விளைவில் எரியும் அடுப்பு வேண்டும். உள்ளே யார் வரலாம் என்று வரையறுக்கும் வாசலும் வேண்டும். ஆகவே கோயில், கல்விச்சாலை, அன்னசாலை போன்ற எந்த அறநிலையை ஆராய்ந்தாலும், நிலத்தைக் கொடுத்தவர் யார், அடுப்பு யாருக்காக எரிந்தது, வாசலில் யார் நிறுத்தப்பட்டார் என்ற மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

முதல் பயிற்சிக்கு வடலூரே ஏற்றது. இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று அங்கே சத்திய தருமச்சாலையை நிறுவினார். அதற்கு நிலம் கொடுத்தவர் அரசரும் அல்லர், ஜமீன்தாரும் அல்லர்; பார்வதிபுரத்து ஊரார் கூடி ஏறத்தாழ 80 காணி, இன்றைய கணக்கில் சுமார் 106 ஏக்கர், எழுதிக் கொடுத்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை தொடர்ந்து எரிந்துவருகிறது. பசி என்று வருபவரிடம் அங்கே சாதியோ சமயமோ கேட்பதில்லை. ஆனால் 1872-இல் அருகிலேயே திறக்கப்பட்ட சத்திய ஞானசபையின் வாயிலுக்குச் சென்றால், கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே புக வேண்டும் என்ற விதியைக் காண்பீர்கள். உணவுக்கு நிபந்தனை இல்லை, வழிபாட்டுக்கு உண்டு. அந்த நிபந்தனையும் பிறப்பைச் சார்ந்ததன்று, ஒழுக்கத்தைச் சார்ந்தது. பிறப்பைக் கேட்டே வாசல் திறந்த ஒரு காலத்தில் இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை, இரண்டு வாசல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உணர முடியும். வாடிய பயிரைப் பற்றிய வரியோடு கட்டுரையைத் தொடங்குபவர்கள் இந்த நுட்பத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இங்கே ஆண்டுகளில் ஓர் எச்சரிக்கை தேவை. தாது வருடப் பஞ்சத்தின் விளைவாகவே தருமச்சாலை தோன்றியது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பஞ்சம் 1876-இல் தொடங்கி 1878 வரை நீடித்தது. சாலையோ அதற்கு ஒன்பது ஆண்டுகள் முற்பட்டது. அடிகள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் புகுந்ததும் 1874 சனவரியிலேயே. காரணத்தை எழுதும் முன் ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், இத்தகைய பிழைகளில் பாதி தாமாகவே நீங்கும்.

அடுத்து, பின்னோக்கிச் செல்லுங்கள். கடலூரிலிருந்து புதுவை செல்லும் வழியருகே உள்ள பாகூரில் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. புதுவைப் பகுதியைச் சேர்ந்த திருபுவனையில் உள்ள, சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் விரிவானது: 72 வேலி நிலம், ஆண்டுக்கு 12,000 கலம் நெல், 260 மாணவர், 12 ஆசிரியர். இவ்வளவு துல்லியமான கணக்கைக் கண்டதும் மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். அங்கே கற்பிக்கப்பட்டவை வேதங்களும் சாத்திரங்களும். அந்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகள் அந்த 260 பேரில் இருந்தார்களா என்ற கேள்வியைக் கல்வெட்டின் பாடப் பட்டியலே எழுப்பிவிடுகிறது. வடலூரில் கற்றுக்கொண்ட மூன்று கேள்விகளை இங்கே வைத்தால், நிலம் அரச ஆணையால் வந்தது, அடுப்பு கற்றவருக்காக எரிந்தது, வாசல் குறுகியது என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகும்.

புரவலர் மாறும்போது என்ன நிகழும் என்பதை அறியத் திருப்பாதிரிப்புலியூருக்கும் திருவதிகைக்கும் செல்ல வேண்டும். பாடலிபுரம் என்று பெயர் பெற்ற திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளி இருந்தது. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகிய நான்கையும் கொடையாகக் கொண்ட சமயம் அது. நாவுக்கரசர் அந்தச் சமயத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியதும், மகேந்திரன் எனக் கருதப்படும் பல்லவ மன்னன் அவரைப் பின்பற்றியதும், அம்மன்னன் பாடலியின் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரஈச்சரம் என்னும் சிவன் கோயில் எடுத்ததும் பெரியபுராணத்தில் கூறப்படுகின்றன. அந்நூல் நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், வென்ற தரப்பில் எழுதப்பட்டது. நாவுக்கரசரின் பதிகங்களில் அவரே தம் சமண வாழ்வைப் பற்றிச் சொல்லும் இடங்களைத் தனியாகவும், புராணச் செய்திகளைத் தனியாகவும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி மறைந்தபோது அதன் மருந்தும் உணவும் யாருக்கு இல்லாமல் போயின என்பதை எந்தத் தரப்பும் எழுதி வைக்கவில்லை. அந்த மௌனத்தையும் உங்கள் குறிப்பேட்டில் ஒரு செய்தியாகவே பதிவு செய்யுங்கள்.

வாசலைப் பற்றி நாட்குறிப்புகள் கல்வெட்டுகளைவிட வெளிப்படையாகப் பேசும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், 1745 அக்டோபரில், புதுவையின் சம்பா கோயில் என்னும் தேவாலயத்துக்குள் சாதிக் கிறித்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவரையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், அதை அகற்றியபோது எழுந்த பூசலைப் பற்றியும் படிக்கலாம். புதிய சமயம் வந்தும் பழைய வாசல் எவ்வாறு உள்ளே நுழைந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. எழுதியவர் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும், என்பதையும், அவருக்குத் தம் சாதிப் பார்வை உண்டு என்பதையும் மறவாமல் படிக்க வேண்டும்.

அரசியல் இந்த வரலாற்றுக்குள் நுழையும் இடத்தில் கொடை என்ற சொல் தளர்ந்து, உரிமை என்ற சொல் வலுக்கிறது. புதுவையில் 1936 சூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த சவானா ஆலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. எல்லைக்கு இப்பால் கடலூரில் இருந்தது சென்னை மாகாண ஆட்சி. நீதிக்கட்சி ஆட்சியில் வந்த 1925-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் கோயில் நிலங்களை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அது புதுவைக் கோயில்களைத் தொடவில்லை. இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள இரண்டு ஊர்களுக்கு ஆவணக் காப்பகமும் மொழியும் சட்டமும் வேறு என்பதால், எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு தேடுங்கள். கடலூர்ப் பக்கத்துக்குக் கொடை நிலங்களின் பதிவேடான இனாம் ஃபேர் ரிஜிஸ்டரும் சென்னை ஆவணக் காப்பகத்தின் தென்னார்க்காடு மாவட்டப் பதிவுகளும் உதவும். புதுவைக்கு, 1827-இல் தொடங்கப்பட்ட ரொமேன் ரோலண்ட் நூலகத்திலும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் தேடத் தொடங்கலாம்.

கடைசியாக, நிகழ்காலத்தை விட்டுவிடாதீர்கள். சமயங்களைக் கடந்தது என்று இராமலிங்க அடிகளே அறிவித்த அவருடைய சன்மார்க்க நெறியின் வடலூர் நிலையங்கள் இன்று இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் உள்ளன. 2024-இல் ஞானசபையைச் சூழ்ந்த திறந்த நிலமான வடலூர்ப் பெருவெளியில் அரசு சர்வதேச மையம் கட்ட முற்பட்டபோது, தம் முன்னோர் கொடுத்த நிலம் வெளியாகவே இருக்க வேண்டும் என்று பார்வதிபுரத்து மக்கள் எதிர்த்தனர். இத்தகைய வழக்கில் முழக்கங்களை எழுதிக்கொள்வதற்கு முன் கொடை ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த நோக்கத்துக்காக நிலம் கொடுக்கப்பட்டது என்ற வாசகத்தை எழுத்து பிசகாமல் பெயர்த்து எழுதி, அதன் கீழே இரு தரப்பின் வாதங்களையும் தேதியிட்டு வையுங்கள்.