சுருக்கம் விழாமல் நாப்கின் ஒட்டிய கதை

பழைய மரப்பலகையில் பூப்போட்ட பேப்பர் நாப்கினை ஒட்டி, மேலே அக்ரிலிக் தீட்டலாம் என்று உட்கார்ந்தேன். பசையின் ஈரம் பட்டதுமே தாள் ஊறி, சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிவிட்டது. இரண்டு பலகை வீண்.

அப்புறம்தான் வழி பிடிபட்டது. நாப்கினில் 2, 3 அடுக்கு இருக்கும். படம் உள்ள மேலடுக்கை மட்டும் உரித்தெடுத்தேன். பலகைக்கு வெள்ளை அக்ரிலிக் அடித்து, ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து பூசி, முழுக்கக் காயவிட்டேன். அதன்மேல் தாளை விரித்து, பட்டர் பேப்பரால் மூடி, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினேன். நீராவி கூடாது. சூட்டில் பசை இளகித் தாளைக் கவ்விக்கொண்டது. ஓரத்தில் மீந்ததை உப்புத்தாளால் தேய்த்ததும் உதிர்ந்தது.

அம்மாதான், "இஸ்திரிப் பெட்டியில பசை ஒட்டியிருக்கட்டும், அப்புறம் இருக்கு உனக்கு" என்றார்.